இடது பக்கம் குறைவு

ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ஹெட்போன்கள் தனலெட்சுமியின் தலையில் ஏறி இறங்கின. மாட்டியதும் முதலில் இடது காதில் ஒரு மணி. பிறகு வலது காதில் அதே மணி. அதன் பிறகு பதினொரு விநாடிக்கு ஒரு ஜப்பான் பெண் பாடுவாள். மூன்றும் ஒழுங்காகக் கேட்டால் பச்சை ஸ்டிக்கர். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் மஞ்சள் ஸ்டிக்கர். அதன் மேல் பேனாவால் ஒரே எழுத்து. 'எல்' என்று எழுதினால் இடது பக்கம் குறைவு, 'ஆர்' என்றால் வலது. கம்பி மாறி ஒட்டப்பட்டிருந்தால் மணிக்குப் பதிலாகக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். கழற்றுவதற்குள் அது இடது காதுக்குள் போயே போய்விட்டிருக்கும். அதற்குச் சிவப்பு ஸ்டிக்கர்.

மலேசியாவில், ஷா ஆலமில் இருந்த அந்த ஜப்பான் கம்பெனியில் அவள் சேர்ந்தது எழுபத்தொன்பதாம் வருஷம். ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த இருபது வயதுப் பெண். சேர்ந்த அன்று நாற்பது பெண்களை வரிசையாக உட்கார வைத்துக் காதைச் சோதித்தார்கள். கடைசியில் வந்த மிக மெல்லிய சத்தத்துக்குக் கை தூக்கியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் ஈயம் ஒட்டவும் மூடி மாட்டவும் போனார்கள். அவளுக்குக் கண்ணாடி அறை, ஏர்கோன், முதுகு சாய்க்கிற நாற்காலி. லீவில் தோட்டத்துக்குப் போய், "காதாலயே வேலைம்மா" என்று அம்மா பவுனம்மாளிடம் சொன்னபோது, "காதால என்னடி வேலை? கம்மல் போட்டு உக்கார வைக்கிறானா?" என்று கேட்டாள் அம்மா.

அந்தப் பாட்டுப் பெண்ணின் பெயர் தனலெட்சுமிக்குத் தெரியாது. என்ன பாடுகிறாள் என்பதும் தெரியாது. குரல் மேலே ஏறத் தொடங்குகிற இடத்தில் டேப் நின்றுவிடும். ஏறி எங்கே போகிறாள்? நான்கு வருஷம் அது தெரியாமலே அவள் கல்யாணம் ஆகிப் பண்டமாரானுக்கு வந்தாள், குழம்பு கூட்டினாள், பிள்ளை பெற்றாள். மண்டைக்குள் அந்தப் பெண் அதே மேட்டில் நின்றுகொண்டிருந்தாள். எண்பத்து மூன்றில் ஹொசோயா என்ற எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது, ஜப்பானிலிருந்து என்ன அனுப்பட்டும் என்று எல்லாரிடமும் மரியாதைக்குக் கேட்டார். மற்றவர்கள் சிரித்துச் சமாளித்தார்கள். இவள் மட்டும் அந்தப் பாட்டு முழுசாக வேண்டும் என்று கேட்டுவிட்டாள். மூன்று மாதம் கழித்துத் தபாலில் ஒரு கேசட் வந்தது.

ஏறப் போகிறது என்று அவள் நினைத்திருந்த குரல் ஏறவே இல்லை. அந்த இடத்தில் மூச்சை இழுத்து, தணிந்து, தோற்றுப்போனதை யாரிடமோ ஒத்துக்கொள்வது போல இறங்கி வந்தது. தனலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் பார்ப்பதற்குள் வெங்காயத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து பிடித்தது. சனிக்கிழமை இரவுச் சந்தையான பாசார் மாலாமில் மற்ற பெண்கள் மீன் பார்க்கப் போனால் இவள் கேசட் விற்கும் சீன அங்கிளின் மேசைக்குப் போவாள். ஹாங்காங் பாடகர்களின் டேப்பைப் போட்டுக் கேட்டு, இந்த மெட்டு ஜப்பானிலிருந்து வந்தது, இது வரவில்லை என்று பிரித்து வைப்பாள். ஒருநாள் அவர் ஒரு டேப்பை ஓடவிட்டு, "இது புதுசு, ஜப்பான்" என்றார். அரைச் சரணம்கூட முடியவில்லை.

"அங்கிள், இது ஜப்பான் இல்லை."

"ஜப்பான்லா. சேம் சேம்."

"எப்படி சேம்? ஜப்பான்காரி அழுறதுக்கு வெக்கப்படுவா. இவ வெக்கப்படாம அழுறா."

அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி அட்டையில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தார். "ஐயோ, கொரியாலா!" என்று சிரித்துவிட்டு அதற்குக் காசு வாங்கவில்லை. அன்று முதல் அவளுக்குக் கொரியாவும் சேர்ந்தது.

புருஷன் ரெங்கசாமி துறைமுகத்தில் லோரி ஓட்டினான். நல்ல மனிதன்தான், வாய்தான் சும்மா இருக்காது. "ஒரு வார்த்தையாவது புரியுதாடி ஒனக்கு?" என்பான்.

"ஒங்க லோரி எஞ்சின் பேசுறது ஒங்களுக்குப் புரியுதுல்ல? அந்த மாதிரிதான்."

அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்துத் தமிழ்ப் பாட்டுக் கேட்பான், மாமியார் அதற்கு மேல் சத்தமாகப் பேசுவார், பிள்ளைகள் அதற்கு மேல். அந்த வீட்டில் தனலெட்சுமிக்கென்று ஒரு மூலை இருந்தது என்றால் அது இரண்டு காதுக்கு நடுவில்தான். அதற்கு வழியாக இருந்தது ஒரு பழைய ஹெட்போன். அதில் இரண்டு வருஷமாக இடது பக்கம் சரியாக வரவில்லை. கம்பி நைந்திருக்கும் என்று செலோடேப் சுற்றி வைத்திருந்தாள். சுற்றியும் சரியாகவில்லை. ஒரு பக்கப் பாட்டு, முறுக்கிப் பிழியாத துணி மாதிரி, கனமாகத் தொங்கியது. நல்லதாக ஒன்று பொறுக்க வேண்டும் என்று டிசம்பருக்காகக் காத்திருந்தாள்.

டிசம்பரில் கம்பெனி, மஞ்சள் ஸ்டிக்கர் விழுந்த சரக்கைத் தொழிலாளர்களுக்குச் சல்லிசாக விற்கும். ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு எல்லா வரிசைச் சரக்கையும் பெரிய அட்டைப் பெட்டிகளில் கலந்து கொட்டி, பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டரும் வைத்துவிடுவார்கள். பொறுக்கிக்கொள்வது அவரவர் சாமர்த்தியம். எண்பத்தெட்டாம் வருஷ விற்பனையில் பெண்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். "இந்த வருஷம் ரிஜெக்ட்டு எல்லாம் நல்லாருக்கே! எதை எடுத்தாலும் ரெண்டு பக்கமும் கேக்குது" என்று அள்ளிக்கொண்டு போனார்கள்.

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. காது கெட்ட கழுதைகள். அவள் நாற்பத்து மூன்று ஹெட்போன்களைப் போட்டுப் பார்த்தாள். நாற்பத்து ஒன்றில் இடது பக்கம் குறைவு. ஒழுங்காக இருந்தவை இரண்டே இரண்டு. மணி இரண்டு காதிலும் ஒரே மாதிரி அடித்தது; பாட்டுக்காரி தலைக்கு நடுவில், நெற்றிக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை இராஜம்மாவிடம் கொடுத்தாள்.

இராஜம்மா அவளைவிட ஆறு வயது மூத்தவள். பண்டமாரானில் இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர்கள். தனலெட்சுமி முதலில் ஏறி இடது பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொள்வாள், இராஜம்மா அவளுக்கு வலப்பக்கம் உட்காருவாள். மாலையில் ரவிக்கை தைப்பது இராஜம்மாவின் இன்னொரு வேலை. அவள் தைத்த ரவிக்கையைப் போட்டவர்கள் வேறு கை தைத்ததைப் போட மாட்டார்கள். கம்பெனியில் தனலெட்சுமியின் வரிசையில்தான் இராஜம்மாவும் இருந்தாள். அவளுடைய வேலை, இடது பக்கக் கம்பிக்கு ஈயம் ஒட்டுவது.

அந்த வருஷம் அந்த வரிசையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஏறிக்கொண்டே போயிருந்தது. எல்லாம் 'எல்'. அக்டோபரில் இராஜம்மாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். விற்பனைக்கு முந்தின வாரம் இரண்டாவது. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனலெட்சுமி புது ஹெட்போனில் முழுப் பாட்டையும் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு நன்றாகக் கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்தில், சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்த புருஷனின் தலையில் கொண்டுபோய் மாட்டினாள். "இப்பக் கேளுங்க, ஜப்பான்காரி எப்படின்னு."

ரெங்கசாமி முகத்தைச் சுளித்துப் பிடுங்கினான். "என்னடி இது, இடது காது கிழியுது! வலதுல கொசு பாடுது."

"ஒங்களுக்கு லோரி ஓட்டி ஓட்டிக் காது போயிருச்சு."

"எனக்கா? துறைமுகத்துல கப்பல் ஊதினா எந்தக் கப்பல்னு சொல்லுவேன்." மறுபடி மாட்டிப் பார்த்தான். "இல்ல தனம், ஒரு பக்கந்தான் ஆளு இருக்கு. பெட்டி பூரா கெளறி இதைத்தான் பொறுக்கினியா? காது எக்ஸ்பர்ட்டு!" பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்துவிட்டுப் படுக்கப் போனான்.

அவள் ஹெட்போனை மாற்றி மாட்டினாள், இடதுக்கு வலது, வலதுக்கு இடது. வலது காதில் அந்தப் பெண் அறைந்தாள். இடது காதில் நாலு வீடு தள்ளி யாரோ பாடுவது போல இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

பழைய ஹெட்போனை எடுத்து செலோடேப்பைப் பிரித்தாள். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. அதையும் மாற்றிப் போட்டாள். இடது பக்கம் என்று இரண்டு வருஷமாக அவள் திட்டிக்கொண்டிருந்த பக்கம் வலது காதில் கணீரென்று பாடியது. சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி வலது காதில் வைத்தாள், டிக்கென்றது. இடது காதில் வைத்து நூறு வரை எண்ணினாள்.

பெட்டி நிறையக் கிடந்த அந்த நல்ல ஹெட்போன்களை யார் ரிஜெக்ட் செய்தது என்று அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் இராஜம்மா வந்து உட்கார்ந்தாள்.

"தனம், நீ குடுத்த ஹெட்போனைப் போட்டுட்டு என் மகன் பாலன் என்ன சொல்றான் தெரியுமா? ஒரு பக்கந்தாம்மா கேக்குது, ஒன்னைய ஏமாத்திட்டாங்கன்றான். விடுவேனா நான்? யாரு பொறுக்கினது தெரியுமாடா, எங்க தனம்! ஒன் காதுல அழுக்கு, போயிக் கொடைன்னேன்."

தனலெட்சுமி வெளியே பார்த்தாள்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? வீட்டுல சண்டையா?"

"இல்லக்கா. தூக்கம் இல்ல."

"எனக்குந்தான். எல்லாம் அந்தக் கடுதாசி. பாத்துப் பாத்துத்தான் ஒட்டுறேன், எப்படி விட்டுப்போவுதுன்னே தெரியல. கண்ணுல கோளாறு தனம். வேற என்ன?"

"அப்படில்லாம் இருக்காதுக்கா."

இன்று வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அப்போது நினைத்தாள். நாளைக்கும் அதையே நினைத்தாள். கண்ணாடி அறையிலிருந்து இறக்கினால் மறுபடி எங்கே உட்கார வைப்பார்கள்? மாமியாருக்கு என்ன சொல்வது? புருஷன் சிரிப்பானே? இதெல்லாம் காரணமாக வந்து வரிசையில் நின்றன. உண்மையில் காரணம் ஒன்றுதான். பத்து வருஷமாக அவள் 'காதுக்காரி'. அது போனால் பஸ்ஸில் ஏறும் நூறு பெண்களில் ஒருத்தி.

கம்பெனியில் அவள் ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். ஒவ்வொரு ஹெட்போனையும் இரண்டு தடவை மாட்டினாள், ஒருமுறை நேராக, ஒருமுறை திருப்பி. வலது காது ஒன்றாலேயே இரண்டு பக்கத்தையும் அளந்தாள். சரியாகத்தான் வந்தது. ஆனால் தொள்ளாயிரம் ஐந்நூறாகியது. பின்னால் பெட்டி குவிந்தது. அவசரத்தில் ஒரு தடவையே மாட்டி மஞ்சளை ஒட்டிவிடுகிற நாட்களும் இருந்தன.

ஜனவரியில் இராஜம்மா கிள்ளானுக்குப் போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். தடித்த பழுப்புச் சட்டம். பஸ்ஸில் ஏறும்போது படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவினாள். "டாக்டரு ஒண்ணும் பெருசா இல்லன்னாரு. நாந்தான் அடம் பிடிச்சு எழுதச் சொன்னேன்" என்றாள். "போட்டா மண்டைய இடிக்குது. பழகிரும்லா?"

"பழகிரும்க்கா" என்றாள் தனலெட்சுமி.

மாதக் கடைசியில், எல்லாரும் 'காக்', அக்கா, என்று அழைக்கும் வரிசைத் தலைவி ரோஹானி அவளைக் கூப்பிட்டு ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று மலாயில் கேட்டாள். தனலெட்சுமி பொய் ஒன்றைத் தயாராக வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது, "காக், எனக்கு இடது காது கேக்கலை" என்றுதான் வந்தது.

ரோஹானி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "எத்தனை மாசமா?"

"தெரியலை. ரெண்டு வருஷம்கூட இருக்கும்."

"ரெண்டு வருஷமா? உன் ரிப்போர்ட் அத்தனையிலும் என் கையெழுத்து இருக்கு, தெரியுமா?" ரோஹானி கெட்டவள் இல்லை. மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். மேசையில் இருந்த ஒரு படிவத்தை இழுத்துக்கொண்டாள். "காதுன்னு எழுதினா டாக்டர், விசாரணை எல்லாம் வரும். முதுகு வலின்னு எழுதுறேன். பேக்கிங்குக்குப் போ."

"இராஜம்மா அக்காவுக்குக் குடுத்த கடிதம்?"

"அது ஆபீஸ் எழுதினது. நான் அழிக்க முடியுமா? இனிமே ரிஜெக்ட் தானாக் குறையும். குறைஞ்சா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அவ வேலை தப்பிச்சுது, போதாதா?"

தனலெட்சுமி "சரி காக்" என்றாள். அப்படிச் சொன்னபோது மனசுக்குள் ஒரு சுமை இறங்கியது. இறங்கியதை நினைத்து அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

பிப்ரவரியிலிருந்து அவள் அட்டைப் பெட்டி மடித்தாள். நாற்காலி இல்லை, நின்றுகொண்டே செய்கிற வேலை. கண்ணாடி அறையில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து மணி கேட்டாள். இராஜம்மாவின் வரிசையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒரே வாரத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது.

மார்ச்சில், காலை உடற்பயிற்சி முடிந்து எல்லாரும் வரிசையாக நிற்கும்போது மேனேஜர் இராஜம்மாவை முன்னால் அழைத்தார். எச்சரிக்கையைப் பாடமாக எடுத்துக்கொண்டு திருந்தியவர் என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு சுடுதண்ணீர் பிளாஸ்க் பரிசாகக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தனலெட்சுமியும் தட்டினாள். இராஜம்மா பழுப்புக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் இந்தக் கண்ணாடியால தனம்" என்றாள் திரும்பி வரும்போது. "நாந்தான் இத்தனை நாளா கவனிக்காம வேலை செஞ்சிருக்கேன். பாவம், ஒன்னைத்தான் அந்த ரூம்லேர்ந்து எறக்கிட்டாங்க. முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறியா? நான் வந்து தேச்சு விடவா?"

"வேணாம்க்கா."

ஏப்ரலில் தனலெட்சுமியின் நாத்தனார் சீதாலெட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ரவிக்கைத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

"அக்கா, சீதாவுக்கு நீங்கதான் தைக்கணும். வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்னுட்டா."

இராஜம்மா துணியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். கரையைப் பிடித்து எங்கே வெட்டலாம் என்பது போல ஒரு தடவை மடித்தாள். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இனிமே தைக்கிறதில்லம்மா. மெஷினைக் குடுத்துட்டேன், போன வாரம். பூச்சோங்குல என் தங்கச்சி மக இருக்கால்ல, அவ வந்து லோரியில ஏத்திக்கிட்டுப் போனா."

"ஏன்க்கா?"

"இருக்கிற கண்ணைக் கம்பெனிக்காவது மிச்சம் வைக்கணும்ல? ராத்திரி ஊசி கோத்துட்டுப் பகல்ல ஈயம் ஒட்டினா மூணாவது கடுதாசி வராதா?" சிரித்தாள். "ஏத்தும்போதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிருச்சு. இருவத்திரெண்டு வருஷம் மிதிச்சது."

பஸ் பாலத்தில் ஏறியது. தனலெட்சுமி துணியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"அக்கா, ஒங்க கண்ணுல ஒண்ணும் இல்ல."

"என்ன?"

"ஒங்க கையிலயும் இல்ல. எல்லாம் நல்ல ஹெட்போன். எனக்குத்தான் இடது காது போயிருச்சு. நாந்தான் மஞ்சளை ஒட்டித் தள்ளிட்டேன். பெட்டி வேலைக்குப் போனது முதுகுக்காக இல்ல."

இராஜம்மா சிரிப்பு மாறாத முகத்தோடு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள், வேடிக்கை எங்கே முடிகிறது என்று காத்திருப்பவள் போல. பிறகு கேட்டாள். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

பிப்ரவரி என்று சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனிக்கு வந்தது.

"டிசம்பர்ல. ரிஜெக்ட்டு வித்தாங்கள்ல, அதுக்கு மறுநாள்."

"கண்ணாடி ஜனவரியில வாங்கினேன்" என்றாள் இராஜம்மா.

அவ்வளவுதான். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள், கைக்குட்டையில் சுற்றினாள், பைக்குள் அடியில் வைத்தாள். ஷா ஆலம் வரும்வரை மடியில் கை வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். தனலெட்சுமி இரண்டு தடவை "அக்கா" என்றாள். பஸ் நின்றதும் கூட்டம் எழுந்தது, நெருக்கியது. தனலெட்சுமி இருக்கையிலிருந்து வெளியே வருவதற்குள் இராஜம்மா சுற்றிக்கொண்டு அவளுக்கு இடப்பக்கம் வந்துவிட்டிருந்தாள். அங்கிருந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. ஒரு வார்த்தையா, பத்து வார்த்தையா தெரியாது. மறுபடி சொல்லுங்க என்று கேட்கத் தனலெட்சுமிக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் இராஜம்மா முன்னாலேயே மலாய்ப் பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கடுத்த நாளும். கண்ணாடி போடவில்லை, படியில் கால் தடுமாறவில்லை. கம்பெனியிலும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது ஒரு மாதத்துக்குப் பிறகு தனலெட்சுமிக்கு உறுதியானது. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பூச்சோங்கிலிருந்து மெஷின் திரும்பி வரவில்லை. சீதாலெட்சுமியின் ரவிக்கையைக் கிள்ளானில் கடையில் தைத்தார்கள். தோளில் பிடித்தது.

கல்யாணம் முடிந்த வாரம், மாலையில் வேலையிலிருந்து வந்தபோது வாசல் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. பாலன் வந்து மாட்டிவிட்டுப் போனான் என்றார் மாமியார். உள்ளே அந்த இரண்டாவது ஹெட்போன், கம்பி ஒழுங்காகச் சுற்றி, மேலே ரப்பர் பேண்டு போட்டு. வேறு எதுவும் இல்லை.

ரெங்கசாமி இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அவள் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து ஹொசோயா அனுப்பிய கேசட்டைப் போட்டாள். ரப்பர் பேண்டைக் கழற்றி, ஹெட்போனை மாட்டினாள். இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கேட்டது.